உப்பும் புகையும்

பெரும்பாணாற்றுப்படையைப் பாடம் நடத்தும்போது ஒவ்வோராண்டும் ஓரிடத்தில் வகுப்பில் சிறு சலசலப்பு எழும். பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டு வருகிறான். வழியில் எயினர் குடியிருப்பு வருகிறது. எயிற்றியர் புல்லரிசியைத் திரட்டி, உரலிலிட்டுக் குற்றி, வாய் உடைந்த பானையை உலையேற்றிச் சமைத்த சோற்றோடு அங்கே வாடூனும் கிடைக்கும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். வாடூன் என்பது வாடிய ஊன், அதாவது உப்பிட்டு உலர்த்திய இறைச்சி. உப்புக்கண்டம் என்று பொருள் சொன்னதும் முன் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரிப்பார்கள். பின் வரிசைகளில் நான்கைந்து பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

நாங்கள் இருவரும் தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து, தருமபுரியில் இருவேறு கல்லூரிகளில் கற்பித்து வருகிறோம். இருவர் வகுப்பிலும் இதே காட்சிதான். சிரிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. குனியும் தலைகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டில் அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. நூலில் வரும்போது அது இலக்கியம். வீட்டிலிருந்து வரும்போது அது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடம் என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே போன்ற பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அறிவோம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. எழுதத் தூண்டியது ஆஸ்டின் நகரிலிருந்து வந்த ஒரு காணொளி அழைப்பு.

டெக்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கும் தம்பி, ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்தான். தன் வீட்டுக் கொல்லையில் நின்றிருந்தான். பின்னால் கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. பெல்லட் கிரில் என்றான். மரத்தூளைப் பெரும் அழுத்தத்தில் இறுக்கிப் பென்சில் தடிமனுக்கு உருட்டிய சிறு துண்டுகள்தாம் அதன் விறகு. பக்கத்துத் தொட்டியில் அவற்றைக் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு திருகு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். சிறு மின்விசிறி காற்று ஊதும். வேண்டிய வெப்பத்தைக் குறித்துவிட்டால், விறகு தள்ளுவதைக் கூட்டியும் குறைத்தும் அந்த இயந்திரமே பார்த்துக்கொள்ளும். ஆரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கி, 1986-இல் காப்புரிமை பெற்ற அடுப்பு இது. மரம் அறுக்கும் ஆலைகளின் கழிவுத்தூள் அங்கே இப்படி விறகாயிற்று.

பெட்டிக்குள் இருந்தது கார்ன்டு பீஃப். மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியை உப்பு நீரில் பல நாள் ஊற வைத்துக் கடைகளில் விற்கிறார்கள். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாளையொட்டி விலை குறையுமாம். தம்பி அதை வாங்கி, மிகுந்த உப்பு இறங்குவதற்காகச் சில மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு கொரகொரப்பாக இடித்த மிளகையும் கொத்தமல்லி விதையையும் மேலே அப்பியிருந்தான். நூற்றுப் பத்து பாகை செல்சியசில் ஏழெட்டு மணி நேரம் புகையில் கிடக்க வேண்டும். உள்வெப்பம் தொண்ணூற்றைந்து பாகையைத் தொடும்போது விறைத்த தசைநார்களெல்லாம் கூழாகிக் கறி பஞ்சு போலாகிவிடும் என்று விளக்கினான்.

அம்மா முழுவதும் கேட்டார். பிறகு, "உப்புல ஊறப் போட்ட, புகை காட்டுன. அது நம்ம உப்புக்கண்டந்தானடா? அதுக்கு எதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு?" என்றார்.

தம்பி சிரித்தான். "ஆமாம்மா, அதேதான். ஆனா இங்க இதுக்கு ஆபீசுல இருக்கிறவங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன்" என்றான்.

அம்மா அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பு முடிந்து வெகுநேரம் அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் மூவர் நடுவிலும் இருந்தது.

தம்பியின் இறைச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. கார்ன் என்பது இங்கே மக்காச்சோளத்தைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது மணி, பரல் என்னும் பொருளுடையது. உப்புப் பரல் இட்ட இறைச்சி என்பதே பெயரின் பொருள். 17ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக உப்பிட்ட மாட்டிறைச்சி பிரிட்டிஷ் கப்பற்படைக்கும் கரீபியத் தோட்டங்களுக்கும் போயிற்று. அதை உப்பிட்டுக் கொடுத்த ஐரிஷ் ஏழைகளுக்கு அது வாங்கித் தின்னும் விலையில் இல்லை. அவர்கள் உருளைக்கிழங்கைத் தின்றார்கள். பஞ்சம் பிழைக்க நியூயார்க்குக்குப் போனபோதுதான் யூதக் கசாப்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த நெஞ்சுக்கறியை வாங்கி அவர்கள் தங்கள் விருந்தாக்கிக் கொண்டார்கள். அதே நகரில் ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள் உப்பிட்ட இறைச்சிக்கு மிளகும் மல்லியும் பூசிப் புகையூட்டிப் பாஸ்ட்ராமி செய்தார்கள். தம்பி செய்தது ஏறக்குறைய அந்தப் பாஸ்ட்ராமிதான். இன்று அது விலையுயர்ந்த பண்டம். தொடக்கத்தில் எல்லாம் ஏழைகள் கையில் கிடைத்த, உழைத்து முறுகிய தசையை உண்ணத் தகுந்ததாக்கும் வித்தை.

எங்கள் வித்தையும் அதுவே. பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் காலனி எங்களுடையது. அந்தப் பக்கத்து மாடு ஆலம்பாடி மாடு. ஒகேனக்கல் காட்டோரத்து ஊரின் பெயரைக் கொண்ட, கருஞ்சாம்பல் நிறத்து உழவு மாடு. மேட்டுநிலத்தில் ஏரிழுத்தும் வண்டியிழுத்தும் ஓய்ந்த எருதுதான் கறிக்கு வரும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கு உதவாது என்று சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். பசுவை அறுப்பதை 1976-இல் வந்த அரசாணை தடுக்கிறது. ஆகவே எங்களுக்கு இளங்கறி என்பது கேள்விப்பட்ட சொல் மட்டுமே. பாட்டியிடம் வந்ததெல்லாம் பல் தேய்ந்த கிழட்டு எருதின் நார்க்கறி.

அதை அன்றே தின்பது கொஞ்சம். உப்புக்கண்டம் போடுவது மிச்சம். மாசி, பங்குனி வெயில் அதற்கு ஏற்றது. கறியை நாரின் போக்கிலேயே கட்டைவிரல் தடிமனுக்கு நீளநீளமாக அரிய வேண்டும். குறுக்கே அரிந்தால் காயும்போது உதிர்ந்துவிடும். கல்லுப்பு, மஞ்சள், தட்டிய பூண்டு சேர்த்துப் பிசறி, மண்சட்டியில் ஓரிரவு வைத்திருந்தால் காலையில் சட்டியடியில் நீர் நிற்கும். அதை வடித்துவிட்டுக் கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்துக் கொடியில் தொங்கவிட வேண்டும். காக்கைக்காக ஒரு பிள்ளை கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கும். எங்கள் முதல் உத்தியோகம் அதுதான். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் உள்ளே எடுத்துவிட வேண்டும். மூன்று நான்கு வெயில் கண்டதும், மூன்று கிலோ கறி ஒரு கிலோவாகச் சுண்டிக் கறுத்து விறைத்திருக்கும்.

பிறகு அது அடுப்புக்கு மேலே போகும். அடுப்புக்கு நேர் மேலே கூரை வாரையிலிருந்து ஒரு மூங்கில் கழி கிடைமட்டமாகத் தொங்கும். அதில் கண்டச் சரங்கள். கீழே காலையும் மாலையும் புளியங்கட்டையும் துவரை மாரும் எரியும். அடுப்புக்குப் பக்கத்தில் தனியாகப் புகைபோடவென்று யாரும் உட்காரவில்லை. களி கிண்டும் புகையே கண்டத்துக்கும் போதும். உப்பு தண்ணீரை இழுத்துவிடுகிறது. தண்ணீரில்லாத இடத்தில் கிருமி வளராது. புகையிலுள்ள பீனால் முதலிய பொருள்கள் மேற்பரப்பில் படிந்து, மிச்சமிருக்கும் கிருமியையும் ஈயையும் புழுவையும் தடுக்கின்றன. கொழுப்பு சிக்கடிக்காமலும் காக்கின்றன. இவற்றையெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டோம். பாட்டிக்கு அது ஐப்பசி மழையிலும் பூசணம் பிடிக்காது என்பது மட்டும் தெரியும். வேலையில்லாத அந்த மாதங்களில், சரத்திலிருந்து இரண்டு துண்டை உருவி வெந்நீரில் அலசி, அம்மியில் வைத்துத் தட்டி, மொச்சைக் கொட்டையோடு குழம்பு வைப்பார். கேழ்வரகுக் களிக்கு அதைவிடப் பொருத்தமான குழம்பு இல்லை. இரண்டே துண்டில் எட்டுப் பேருக்கு வாசம் வந்துவிடும்.

இந்தப் பரப்பில் இது புதிய உணவுமில்லை. தருமபுரிதான் தகடூர் என்று நாங்கள் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். தகடூர் அதியமானை மழவர் பெருமகன் என்கிறது புறநானூறு. அந்த மழவரைக் கொழுத்த பசுவைத் தின்றவர்களாகக் காட்டுகிறது அகநானூறு. சிறுபாணாற்றுப்படையின் எயிற்றியர் புளிச்சோற்றோடு ஆமான் சூட்டிறைச்சியை விருந்தினருக்குப் படைக்கிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவை எதை எதை நினைத்து அழுதார் என்று பார்த்தால், கள்ளுக்கும் சோற்றுக்கும் அடுத்தபடியாக எலும்போடு கூடிய இறைச்சி கிடைத்த இடமெல்லாம் அதைத் தங்களுக்கே அவன் கொடுத்ததை நினைக்கிறார். நெல்லிக்கனிக்குச் சிலை வைக்கிறோம். அந்த இறைச்சித் துண்டைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

குரல் தாழ்ந்ததன் வரலாற்றை அம்பேத்கர் 1948-இல் வெளிவந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் எல்லோரும் தின்றதை மேலே இருந்தவர்கள் விட்டார்கள். விட முடியாத வறுமையில் இருந்தவர்கள்மேல் அதுவே தீட்டாகப் படிந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அவரே 1927-இல் மகாதில், செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் கேட்டுக்கொண்டார். எங்கள் தாத்தா தலைமுறையும் அதை விட்டது. ஊரில் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொன்ன ஆண்டில் பட்ட அடிகளைப் பற்றித் தாத்தா அதிகம் பேசியதில்லை. அறுத்த கறியை விலை கொடுத்து வாங்குவது என்பது அவருக்குச் சுயமரியாதையாக இருந்தது. இந்த வேறுபாடு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

மராத்தியில் சாகு பட்டோலே 2015-இல் எழுதிய நூல், மராட்டவாடாத் தலித் வீடுகளின் சமையலைப் பதிவுசெய்கிறது. 2024-இல் ஆங்கிலத்திலும் வந்தது. உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியை அங்கே சான்யா என்கிறார்கள். கேரள மலைப்பகுதிகளில் அடுப்புக்கு மேலே புகையில் உலர்த்தி, பின் இடித்து வதக்குவது இடியிறைச்சி. அதை உணவகங்களில் பெயர் எழுதி விற்கிறார்கள். ஒரே பண்டம், ஒரே வித்தை. எந்த வீட்டில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் மரியாதை மாறுகிறது.

வேலை கிடைத்து நாங்கள் நகரத்துக்கு வந்தபோது வாடகை வீடு தேடினோம். பெயர், ஊர், படிப்பு எல்லாம் கேட்ட பிறகு வீட்டுக்காரர்கள் கடைசியாக ஒன்று கேட்பார்கள். "நீங்க சைவந்தானே?" ஆடு, கோழிக்கு விலக்குத் தருபவர்கள் உண்டு. கேள்வி எதைக் குறித்தது என்பது இரு தரப்புக்கும் தெரியும். பதினோரு ஆண்டுகளில் நான்கு வீடுகள் மாறினோம். குழம்பு கொதிக்கும்போது சன்னலைச் சாத்தி, ஊதுவத்தி கொளுத்தி வைப்பது எங்கள் வழக்கமாயிற்று. கறியைச் சமைத்து மறைத்துவிடலாம். உப்புக்கண்டத்தைக் கொடியில் போட்டு மறைக்க முடியாது. புகையை எங்கும் மறைக்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் முதலில் நின்றுபோனது அதுதான். எங்கள் மகள் பத்து வயது வரை அதைப் பார்த்ததே இல்லை.

ஊரிலும் அது நின்றுகொண்டிருந்தது. அதற்குக் காரணம் வேறு. 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. அடுப்பில் புகை நின்றது. மூங்கில் கழியும் கழன்றது. இதற்காக வருந்துகிறவர்களை எழுத்துலகில் பார்த்திருக்கிறோம். அவர்கள் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கண்டத்தைக் காத்த அதே புகைதான் பாட்டியின் கண்ணைப் பீளை கட்ட வைத்தது. நாற்பது வயதிலேயே அம்மாவை இருமவைத்தது. இறைச்சிக்கு நன்மை செய்த புகை, அதைச் செய்தவர்களின் நுரையீரலுக்கு நன்மை செய்யவில்லை. எரிவாயு உருளை வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார்.

மூன்றாண்டுகளுக்கு முன் கடன் வாங்கி நகரின் ஓரத்தில் ஒரு வீடு கட்டினோம். தம்பியின் அழைப்புக்குப் பிறகு, ஒரு வாரம் கழித்து, அம்மாவே கேட்டார். "இப்பதான் மேல ஓடு இல்லாம மாடி இருக்குதே. ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா?"

பெல்லட் கிரில்லுக்கு நாங்கள் எங்கே போவது? பழைய இரும்புக் கடையில் தகர டிரம் ஒன்று வாங்கி, முன்பு எண்ணெய் இருந்த வாடை போகும்வரை உள்ளே விறகிட்டு எரித்தோம். அடியில் காற்றுக்கு இரண்டு துளை, மேலே கம்பிகள், வாயை மூட நனைத்த கோணி. கீழே தேங்காய்த் தொட்டிக் கனல். அதன்மேல் மா, புளி மரத் துண்டுகள். வேப்பங்கட்டை கசக்கும் என்றார் அம்மா. சாயம் பூசிய பலகையும் கூடாது. அரளிக் குச்சியைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, அது நஞ்சு. வெள்ளைப் புகை திரண்டு வந்தால் விறகு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். கறி கரிப்பாகக் கசக்கும். மெல்லிய நீலப் புகை வர வேண்டும். எழுபது எண்பது பாகையில் அதைப் பிடித்து நிறுத்த, தம்பியின் இயந்திரம் செய்யும் வேலையை நாங்கள் கோணியை விலக்கியும் மூடியும் நாள் முழுதும் செய்தோம். அம்மாவை டிரம்முக்கு எதிர்க்காற்றுப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். இம்முறை புகை அவர் பக்கம் போகவில்லை.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைப் பாதியாகக் குறைத்தோம். உப்பைக் குறைத்தால் கொடியில் தொங்கவிட்டு வைத்திருக்க முடியாது. செய்த பின் குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். கடைச்சரக்கின் இளஞ்சிவப்பும் எங்களுடையதில் வராது. அந்த நிறம் நைட்ரைட் உப்பால் வருவது. நாங்கள் அதைச் சேர்ப்பதில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. எனவே ஆண்டுக்கு இரண்டு முறை போதும் என்று வைத்துக்கொண்டோம். பாட்டியின் இரண்டு துண்டுக் கணக்கு எங்களுக்கும் சரியாக இருக்கிறது.

அந்த முதல் நாள் பிற்பகலில் பக்கத்து வீட்டு அம்மையார் தம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். எங்கள் மகளுக்குத் தேர்வு நாள்களில் திருநீறு பூசி அனுப்புகிறவர்.

"என்ன டீச்சர், மாடியில ஒரே புகையா இருக்கு?"

பதினோரு ஆண்டு வாடகை வீட்டுப் பழக்கம் நாக்கு நுனியில் நின்றது. குப்பை கொளுத்துகிறோம் என்று சொல்லலாம். கொசுவுக்கு என்று சொல்லலாம். மகள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் குனியும் அந்தத் தலைகளும் ஏனோ அப்போது நினைவுக்கு வந்தன.

"உப்புக்கண்டம் போடறோங்க. மாட்டுக்கறி" என்றோம்.

அவர் "ஓ" என்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கீழே போனார். இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் தண்ணீர் லாரி வந்தபோது அவரே கூப்பிட்டுச் சொன்னார். பேச்சு திரும்பியது. எங்கள் வீட்டில் அவர் தண்ணீர் குடிப்பதில்லை; முன்பு காப்பி குடித்திருக்கிறார். எது மாறியது, எது மாறவில்லை என்று இப்போதே சொல்ல முடியவில்லை.

இந்த ஆண்டு அம்மாவுக்குப் பதிலாக மகளே கறியை அரிந்தாள். நாரின் போக்கைக் கண்டுபிடிக்க அம்மா அவள் விரலைப் பிடித்துக் கறியின்மேல் இழுத்துக் காட்டினார். வகுப்பில் வாடூன் வரும் நாளில் நாங்கள் இப்போது பொருளோடு செய்முறையையும் சேர்த்துச் சொல்கிறோம்: எத்தனை வெயில், எந்த விறகு, எங்கள் வீட்டில் எப்படி என்று. சென்ற பருவத்தில் பின் வரிசை மாணவி ஒருத்தி கை தூக்கி, "எங்க வீட்ல சீரகமும் போடுவாங்க சார்" என்றாள்.

புகை போடுவதற்கு முதல் நாள் மாலை, மதிலோரம் நின்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. "நாளைக்குப் புகை போடறோங்க. துணி காயப் போட்டுராதீங்க."

"எத்தன மணிக்கு?" என்று கேட்டுக்கொள்கிறார்.